புல்லட் கம்பெனி டீக்கடை போட்டால்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், சனிக்கிழமை காலைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளுக்கு முன்னால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மதுரைப் பக்கமிருந்து எட்டுப் பத்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து ஓரங்கட்டும். இறங்குகிறவர்கள் தோளிலும் முழங்கையிலும் திண்டு வைத்த கறுப்பு ஜாக்கெட்டும் கணுக்காலை மூடிய பூட்ஸும் போட்டிருப்பார்கள். குற்றாலத்தில்தான் சாரல், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி, வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று பால்கோவா வாங்கிப் பையில் திணித்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் கூட்டமாக நிற்பார்கள்.

அப்படி ஒரு காலையில் நானும் அந்த டீக்கடையில் நின்றிருந்தேன். டேங்க்கில் இருந்த பெயரே ஜாக்கெட்டின் நெஞ்சிலும், தொப்பியிலும், கையிலிருந்த சாவி வளையத்திலும் இருந்ததை டீ மாஸ்டர் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தார்.

“வண்டி வாங்குனா கம்பெனியிலயே சட்டையும் குடுத்துருவாங்களா தம்பி?”

“குடுக்கல அண்ணாச்சி, விக்கிறாங்க. தனியாத்தான் வாங்கணும்.”

“அவங்க பேரப் போட்டுக்கிட்டுத் திரியிறதுக்கு நீங்க காசு குடுக்கணுமா?”

கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வணிகவியல் துறைகள் பல ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். நம் பக்கத்தில் அதற்கு ஒரு நீண்ட முன்கதையும் உண்டு. ஜவுளிக்கடை மஞ்சப்பையில் கடையின் பெயர் இருக்கும், பை இலவசம். சிவகாசியில் அச்சாகும் தினக்காலண்டரில் நகைக்கடையின் பெயர் இருக்கும், காலண்டரும் இலவசம். ராஜபாளையத்து ராம்கோ குழுமத்தின் பெயரை எங்கள் வட்டாரத்தில் அதிகம் சுமந்தது விளம்பரப் பலகை இல்லை, காலியான சிமெண்ட் சாக்கு. நெல் கட்ட, விறகு அள்ள, வாசலில் மிதியடியாகப் போட என்று அது படாத பாடு பட்டது. பெயரைச் சுமக்கிறவனுக்குப் பெயரின் சொந்தக்காரர் ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே இருந்த வழக்கம். மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் அந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டன. சட்டையோடு நிற்கவும் இல்லை, காபியும் விற்கிறார்கள்.

திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். 2014இல் டில்லி கான் மார்க்கெட்டில் உடைகளுக்கும் ஹெல்மெட்டுகளுக்குமாக ஒரு கடையைத் திறந்தது. 2017 நவம்பரில் கோவாவின் பாகா கடற்கரையை அடுத்த அர்போராவில் ‘கராஜ் கஃபே’ என்று ஓர் உணவகம். ஒரு பக்கம் சாப்பாடும் காபியும். இன்னொரு பக்கம் பழைய வண்டிகளின் கண்காட்சி. மற்றொரு பக்கம் ஜாக்கெட், டீ-சர்ட் விற்கும் பகுதி. அதோடு வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளவும் சர்வீஸ் விடவும் இடம். அடுத்த ஆண்டே சென்னையில், பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்பதற்கென்று ‘வின்டேஜ்’ என்று ஒரு கடை. உலகில் இது முதல் முயற்சியும் இல்லை. ஹார்லி டேவிட்சன் பெயரில் 1993இல் நியூயார்க்கிலும் 1997இல் லாஸ் வேகாஸிலும் உணவகங்கள் வந்தன. அதே ஹார்லி 2020இல் இந்தியாவில் தன் தொழிற்சாலையை மூடியபோது ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வண்டி விற்பனையோடு, உதிரிப் பாகங்களையும் உடைகளையும் விற்கும் உரிமையையும் அதில் மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.

இதில் லாபம் எவ்வளவு என்று கேட்டால், விடை பலரையும் ஏமாற்றும். பிராண்டு உடை என்றாலே உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் ஹார்லியின் 2017ஆம் ஆண்டுக் கணக்கில், மோட்டார் சைக்கிள் பிரிவின் மொத்த வருமானம் 500 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. உடைகளும் இதர பொருட்களும் கொண்டுவந்தது சுமார் 26 கோடி டாலர். நூற்றுக்கு ஐந்து. லாஸ் வேகாஸ் உணவகமும் 2016இல் மூடப்பட்டுவிட்டது. இட்லி மாவு விற்றுப் பிழைக்க நினைத்தால் ஒரு மோட்டார் கம்பெனியைவிட நம் தெருமுனை அக்கா சாமர்த்தியசாலி. ஆகவே காபி விற்ற காசுக்காக இந்தக் கடைகள் நடக்கவில்லை.

மோட்டார் சைக்கிளை ஒருவன் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வாங்குவான்? எட்டு, பத்து ஆண்டு. இடையிலுள்ள மூவாயிரத்துச் சொச்சம் நாட்களில் அவனுக்கும் கம்பெனிக்கும் என்ன தொடர்பு? சர்வீஸ் பில் கட்டும்போது கொஞ்சம் மனத்தாங்கல், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் அவனைக் கைவிடாமல் வைத்திருக்க ஒரு சாக்கு வேண்டும். டீ-சர்ட் அந்தச் சாக்கு. காபி அதைவிட மலிவான சாக்கு. வண்டி வாங்க இன்னும் வயதோ வருமானமோ வராத கல்லூரிப் பையனுக்கும் சாவி வளையம் வாங்குமளவு காசு இருக்கும். அவன் பத்தாண்டு கழித்து வரப்போகும் வாடிக்கையாளன். வணிகப் பள்ளிகள் சொல்லும் இந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் பாதி விளக்கம். மற்ற பாதிக்கு, பழைய புல்லட்டை உதைத்து எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். தகரக் கூரை, கறுத்த மண் தரை, ஆணியில் தொங்கும் பழைய செயின்கள். சிறு வயதில் அங்கே உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைத்தது. காரணம் எளிது. எங்கள் வீட்டு வண்டி அடிக்கடி அங்கேதான் நின்றது. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். உதைத்து எழுப்புவது தனிக் கலை. டேங்க்குக்கு முன்னால், ஹெட்லைட் மூடியில் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவி போட்டதும் அதன் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், பிஸ்டன் மேலேறி வரும் ஓரிடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரசர் பிடியை இழுத்து, கிக்கரை ஒரு விரற்கடை தள்ளி, பிடியை விட்டு, கிக்கரை மறுபடி மேலே வரவிட்டு, அப்புறம்தான் முழு உடம்பையும் ஏற்றி ஓர் உதை.

“முள்ளப் பாரு, கால அப்புறம் பாக்கலாம்” என்பார் மெக்கானிக் அண்ணன். அவசரக்காரன் முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் விழும் அந்த அடியின் தழும்பு ஆயுசுக்கும் போகாது. பழைய புல்லட்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டினால் யார் யார் அவசரக்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

ஆயில் கசியும். பாயிண்ட் கறுத்துப்போகும். கேபிள் அறும். ஒரு வேலைக்கு வண்டியை விட்டால் அரை நாள் போய்விடும். போனால் என்ன, அங்கே காத்திருப்பவர்கள் நாலு பேர் இருப்பார்கள். மில்லில் மேஸ்திரி ஒருவர், தளவாய்புரத்தில் நைட்டி தைத்து அனுப்புகிற வியாபாரி ஒருவர், மாந்தோப்புக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர். வேறெங்கும் ஒரே பெஞ்சில் உட்கார வாய்ப்பில்லாதவர்கள். பையன் தூக்கில் டீ வாங்கி வருவான். எந்த எண்ணெய் நல்லது, மைலேஜ் எவ்வளவு, டீசல் புல்லட் எடுக்கலாமா என்று பேச்சு ஓடும். டீசலில் ஓடும் புல்லட்டும் ஒரு காலத்தில் வந்தது. தோட்டந்துரவு உள்ளவர்கள் எங்கள் பக்கம் விரும்பி வாங்கினார்கள். அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே ஊர் நாய்கள் எழுந்துகொள்ளும். ராஜபாளையம் நாய்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஷெட்தான் கஃபே. கம்பெனி போடாதது, பெயர்ப் பலகை இல்லாதது, காபிக்குப் பதில் தூக்கு டீ ஓடியது. வண்டி கெட்டுப்போவதுதான் ஆட்களை ஒன்றுசேர்த்தது. அதைச் சரிசெய்யத் தெரிவதும், தெரிந்தவரைத் தெரிந்திருப்பதும்தான் உறுப்பினர் அட்டை.

இங்கிலாந்திலும் தொடக்கம் இப்படித்தான். லண்டன் வடக்கு வட்டச் சாலையில் 1938இல் திறந்த ஏஸ் கஃபே, லாரி ஓட்டுநர்களுக்கான சாப்பாட்டுக் கடை. போரில் 1940இல் குண்டு விழுந்து நொறுங்கி, 1949இல் மறுபடி கட்டப்பட்டது. இரவு முழுக்கத் திறந்திருந்ததால் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் வந்து கூடினார்கள். ஒரு கஃபேயிலிருந்து இன்னொரு கஃபேக்குப் பந்தயம் விடுவார்கள். அதற்காக வண்டியில் தேவையில்லாததைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்திக்கொண்டார்கள். ‘கஃபே ரேசர்’ என்ற பெயர் அப்படி வந்தது. இந்த மாற்றங்களை எந்தக் கம்பெனியும் சொல்லித் தரவில்லை. பையன்கள் செய்ததைப் பார்த்து, 1960களின் நடுவில், அன்று இங்கிலாந்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு அதே தோற்றத்தில் ‘கான்டினென்டல் ஜிடி’ என்று 250 சிசி வண்டியைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. தெரு கண்டுபிடித்ததைக் கம்பெனி வாங்கிக்கொண்ட முதல் சுற்று அது. 1969இல் ஏஸ் கஃபே மூடப்பட்டது. பழைய ஆட்கள் விடவில்லை. 1994 முதல் ஒன்றுகூடி, 2001இல் கடையைத் திறக்கவே வைத்தார்கள். 2013இல் சென்னை ராயல் என்ஃபீல்டு தன் புதிய கான்டினென்டல் ஜிடியை உலகுக்குக் காட்டத் தேர்ந்தெடுத்த இடம் அதே ஏஸ் கஃபே. இரண்டாவது சுற்று. நாலு வருடத்தில் கோவாவில் சொந்தக் கஃபே.

இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேவைப்பட்டதால்தான் 350 சிசி புல்லட் இந்த நாட்டில் வேரூன்றியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த அசல் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெடிட்ச் தொழிற்சாலை 1967இல் மூடியது; 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூர் மட்டும் பழைய புல்லட்டை விடாமல் செய்துகொண்டிருந்தது. 1977 முதல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதைச் செய்து காட்டியவர்கள். எண்பதுகளில் ராணிப்பேட்டையில் சில்வர் பிளஸ், மோஃபா என்று சிறு வண்டிகளையும் செய்து பார்த்தார்கள். அவற்றை இன்று யாரும் டீ-சர்ட்டில் அச்சடிப்பதில்லை.

1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுதாகப் போன பிறகும் நிலைமை மோசம்தான். 2000இல் சித்தார்த்த லால் இருபத்தாறு வயதில் கம்பெனியின் தலைமைப் பொறுப்பேற்றபோது மாதத்துக்கு இரண்டாயிரம் வண்டி போவதே பெரிய பாடு. கம்பெனியை விற்றுவிடலாம் என்ற பேச்சு அடிபட்ட காலம். அவர்கள் செய்தது இரண்டு வேலை. ஒன்று, எஞ்சினைப் புதிதாக வடிவமைத்து ஆயில் கசிவையும் அடிக்கடிப் பழுதையும் ஒழித்தார்கள். கியர் இடது பக்கம் போனது. பொத்தானை அழுத்தினால் வண்டி எழுந்தது. இரண்டு, உருவத்தை மட்டும் பழையதாகவே வைத்தார்கள். 2009இல் இந்தியாவுக்கு வந்த ‘கிளாசிக்’ அப்படிப் பிறந்ததுதான். 2010இல் 50,000 வண்டிகளைச் சற்றே தாண்டிய விற்பனை 2014இல் 3 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு உலக விற்பனை எண்ணிக்கையில் ஹார்லியையும் முந்தியது. 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்தைக் கடந்துவிட்டது.

இங்கேதான் என் மற்ற பாதி விளக்கம். எஞ்சின் திருந்தியதில் யாருக்கும் வருத்தமில்லை. கெண்டைக்காலைக் கேட்டால் அதுவும் நன்றி சொல்லும். ஆனால் முள் பார்த்து உதைக்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற வேறுபாடு அன்றோடு போயிற்று. வண்டி அரை நாள் ஷெட்டில் கிடப்பதும் போயிற்று. சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டு, கண்ணாடி அறையில் குளிர்சாதனக் காற்றில் தனியாக போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வாங்கும் வண்டியில் ‘நான் புல்லட்காரன்’ என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? முன்பு தழும்பு சொன்னதை இப்போது சட்டை சொல்ல வேண்டியிருக்கிறது. ஷெட் பெஞ்சு தந்ததை கஃபே நாற்காலி தர வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை தன் திறமையால் அழித்த கூட்டத்தை, வணிகப் பிரிவு காசு போட்டு மறுபடி கூட்டுகிறது.

அமெரிக்காவில் ஸ்கூட்டன், மெக்அலெக்சாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றாண்டுகள் ஹார்லிக்காரர்களோடு கூடவே பயணம் செய்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுகர்வோர் ஆய்வில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. பொருளை வாங்குவதன் வழியாகவே மனிதர்கள் ஒரு குலமாகச் சேர்கிறார்கள், அந்தக் குலத்துக்குள்ளும் மூத்தவர், புதியவர் என்ற படிநிலை உண்டு என்பது அவர்கள் கண்டது. ஹார்லி இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தது. 1981இல் கம்பெனியை அதன் நிர்வாகிகளே திரும்ப வாங்கிய நெருக்கடிக் காலத்தில், 1983இல் உரிமையாளர் சங்கம் தொடங்கினார்கள். இன்னொரு படி மேலே போய், தங்கள் எஞ்சினின் சத்தத்தையே வணிக முத்திரையாகப் பதிய 1994இல் விண்ணப்பித்தார்கள். போட்டி நிறுவனங்கள் எதிர்த்து ஆறாண்டு இழுபறிக்குப் பின் 2000இல் கைவிட்டார்கள். ‘டப டப’வென்ற சத்தத்துக்குப் பட்டா கேட்டவர்கள் டீ-சர்ட்டோடு நிற்பார்களா?

பட்டா என்று சொன்னதும் மறுபடி பால்கோவாவுக்கு வர வேண்டியிருக்கிறது. இந்தச் சாலையில் பெயரால் விற்பனையாகும் பொருள் அது. தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்திலும் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று எழுதிய பெட்டி கிடைக்கும். எல்லாமே இந்த ஊர் அடுப்பில் கிண்டியதா என்பது ஆண்டாளுக்கே வெளிச்சம். பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, விறகடுப்பில் மணிக்கணக்கில் கைவிடாமல் கிண்டி இறக்குவது அதன் பக்குவம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையும் ராயல் என்ஃபீல்டு முத்திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

என்ஃபீல்டு என்பதும் ஓர் ஊர்ப் பெயர்தான். லண்டனின் வடகோடியில் உள்ள அந்த ஊரில் இருந்தது அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை. ரெடிட்ச் கம்பெனி அதற்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்துவந்தது. அந்தச் செல்வாக்கில் ஊரின் பெயரையும், அரசுத் தொழிற்சாலையின் ‘ராயல்’ பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்ற விளம்பரமும், புல்லட் என்ற பெயரும் அந்த வழி வந்தவைதான். என்ஃபீல்டு ஊரில் இந்த மோட்டார் சைக்கிள் ஒருநாளும் செய்யப்பட்டதில்லை. பிறகு ரெடிட்சிலும் நின்றுபோய், பெயர் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரிலிருந்து ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் பரவிவிட்டது. வணிக முத்திரையின் இயல்பு அது. விற்கலாம், வாங்கலாம், கடல் கடக்கலாம். ஊரோடு ஒட்டு உறவு வேண்டியதில்லை.

புவிசார் குறியீட்டுச் சட்டம் நேர் எதிர். 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி குறியீட்டை யாருக்கும் விற்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது. அது அந்த ஊரில், அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் பொது. எத்தனை கோடி வைத்திருப்பவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்கி ஒரகடத்தில் கிண்ட முடியாது. ரெடிட்ச் இழந்ததை ஸ்ரீவில்லிபுத்தூர் இழக்காது. ஆனால் பெயர் பொது என்பதால் அதற்குக் காவல் நிற்கக் கம்பெனியின் வக்கீல் படை இல்லை. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, போலிப் பெட்டி பேருந்து நிலையத்தில் இருக்கிறது. ராஜபாளையம் நாயின் பாடு இன்னும் மோசம். 2005இல் அஞ்சல்துறை அதற்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தது. பெயரும் புகழும் நாடெங்கும் போயின. வெள்ளையாக, ஒல்லியாக, காது தொங்கும் எந்தக் குட்டியையும் அந்தப் பெயர் சொல்லி விற்பவர்களைக் கேட்பாரில்லை.

ஒரு வித்தியாசத்தை இங்கே குறிக்காமல் விடக்கூடாது. இந்த ஊர்க் கடையில் வாங்கிய பால்கோவா பெட்டி போய்வந்ததற்குச் சாட்சி. வீட்டில் வைத்தால் ‘வில்லிபுத்தூர் போயிருந்தீங்களா?’ என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போனவருக்கு ஆண்டாள் கையில் இருந்த கிளி கிடைத்தால் அதை எத்தனை பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மாதுளம்பூ மூக்கும் இலை உடம்புமாக அன்றன்றைக்குக் கட்டி, மறுநாள் வாடிப்போகிற கிளி. இருந்தும் மதிப்பு, அது அவள் கையில் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டில் ‘ஹிமாலயன்’ என்று எழுதியிருப்பதற்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. செண்பகத்தோப்பைத் தாண்டி மேடு ஏறாதவனும் போட்டுக்கொள்ளலாம். போய்வந்ததன் சாட்சியைப் போகாமலே வாங்க முடிவதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதில் மில்லில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு லடாக் போக விடுப்புக் கிடைக்காது, சட்டை கிடைக்கும். நல்ல ஹெல்மெட்டும் திண்டு வைத்த ஜாக்கெட்டும் விழும்போது உயிரையும் எலும்பையும் காப்பவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் ஒட்டியிருப்பதால்தான் ஹெல்மெட் போடுகிறான் என்றால், அந்தப் பெயருக்கு ஒரு கும்பிடு.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கம்பெனி கஃபே வருமா? வராது என்பது என் கணிப்பு. கோவாவுக்கு வருகிறவன் பணத்தையும் பொழுதையும் செலவழிக்கவே வருகிறான். நம் ஊர்க்காரன் இருநூறு ரூபாய்க் காபிக்கு முன்னால் இரண்டு முறை யோசிப்பான், மூன்றாம் முறை எழுந்துவிடுவான். சிற்றூர்களுக்குக் கம்பெனி அனுப்புவது ஷோரூமின் ஒரு மூலையிலுள்ள கண்ணாடி அலமாரி. அதில் ஒரு ஜாக்கெட், நாலு டீ-சர்ட், கையுறை. எங்கள் பக்க கஃபே அவ்வளவுதான். காபியை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் ஆசை நின்றுவிடுமா? கம்பெனி போடாததை உள்ளூர்ப் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எந்தச் சிற்றூரிலும் இன்று பார்க்கலாம்: சுவரில் பழைய புல்லட் டேங்க் ஒன்று பதித்திருக்கும், டயர் மேல் கண்ணாடி வைத்து மேசை, செயின் ஸ்பிராக்கெட்டில் கடிகாரம், ஹெட்லைட்டில் பல்பு. விற்பது மோமோவும் பர்கரும் ரோஸ்மில்க்கும். அந்த டேங்க் ஏதோ ஒரு ஷெட்டிலிருந்து எடைக்கு வாங்கியது. ஷெட் செத்து அதன் எலும்புகள் கஃபேயின் அலங்காரமாகின்றன என்று வருத்தப்படலாம். நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் யாருக்கும் உரிமத்தொகை கட்டவில்லை, பெஞ்சில் உட்கார ஜாக்கெட் வேண்டும் என்று சொல்லவில்லை. ஏஸ் கஃபே தொடங்கியதும் இப்படி ஒரு தனியாள் கடையாகத்தான்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு, சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி போகிறது. வண்டிக்காரர்களின் கூடுமிடங்கள் அந்தச் சாலை நெடுக ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை, வழியில் பனங்கிழங்கும் நுங்கும் விற்கும் பாட்டி, செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா. இவற்றில் எதையும் மோட்டார் கம்பெனி உண்டாக்கவில்லை; ஆனால் கம்பெனியின் விளம்பரப் படங்களில் வருகிற ‘சாலை அனுபவம்’ இவற்றால்தான் ஆனது. டீக்கடை அண்ணாச்சியின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: ஜாக்கெட் விற்பது தப்பில்லை, காபி விற்பதும் தப்பில்லை. ஊரும் ஷெட்டும் டீக்கடையும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்புக்கு வருகிற விலை முழுவதும் ஒரே கல்லாவில் விழுகிறது. அதைத்தான் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீசனுக்கு இந்த வழியே வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலாவது ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று எழுதிய பெட்டியைக் கையில் எடுத்தால், காசு கொடுக்குமுன் அதைத் திருப்பி, எங்கே செய்தது என்ற முகவரியைப் படித்துப் பாருங்கள்.